சிவக்காத மஞ்சள் தாள்

பயிற்சிப் பள்ளியில் என்னோடு ஒரே வரிசையில் பாய் விரித்துப் படுத்தவர்களே, நீங்களெல்லாம் இப்போது ஆளுக்கொரு ஊரில் கரும்பலகை முன்னால் நிற்கிறீர்கள். நானும் நிற்கிறேன். போன வாரம் ஐந்தாம் வகுப்பு விஞ்ஞானத்தில் மஞ்சள் தாள் பாடம் வந்தது. மஞ்சள் கரைசலில் நனைத்துக் காயவைத்த தாளில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும் என்று வாயால் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். "பண்ணிக் காட்டுங்க டீச்சர்" என்று பிள்ளைகள் கத்தினார்கள். நாளைக்கு என்றேன். அந்த நாளை வந்து போய் ஆறு நாளாகிறது.

இருபது வயதில் கிழவி மாதிரிப் பழைய கதை பேசுகிறாள் என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். எனக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டுக்குள் எழுத்து என்று ஒன்று நுழைந்தது என்னோடுதான். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, அவர்களைப் பெற்றவர்களுக்கும் தெரியாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பெருமைதான்.

நைனா பனையேறி. செஞ்சிக்குக் கிழக்கே ஏரிக்கரையில் பதினோரு மரம் அவர் பெயரில் லைசென்ஸ். மரத்துக்கு மரம் தாரில் எண் போட்டிருக்கும். உங்களில் பட்டணத்திலிருந்து வந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பனம்பாளையைச் சீவினால் சொட்டுவது ஒரே நீர்தான். அதைப் பிடிக்கிற கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது இனிப்பு மாறாமல் இருக்கும், பதநீர். தடவாவிட்டால் பொழுது விடிவதற்குள் புளித்து நுரைத்துக் கள்ளாகிவிடும். பதநீருக்கு சர்க்கார் லைசென்ஸ் கொடுத்தது. கள்ளுக்கு ஜெயில். நைனா தொழில்காரராக இருப்பதும் குற்றவாளியாக ஆவதும் ஒரு கலயத்துக்கு இரண்டு விரல் சுண்ணாம்பில் இருந்தது.

கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவது அம்மாவும் நானும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் அம்மா எல்லாக் கலயத்தையும் வெந்நீரில் கழுவி, வைக்கோலைக் கொளுத்தி உள்ளே புகை காட்டிக் கவிழ்த்து வைத்திருப்பாள். புகையும் பழைய வெல்லமும் கலந்த ஒரு வாசனை வரும். அந்தக் கலயத்துக்குள் முகத்தை விட்டு என் பெயரை நானே கூப்பிட்டுக் கேட்பேன். உள்ளேயிருந்து பெரிய மனுஷி குரலில் பதில் வரும்.

சுண்ணாம்பு வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்குவது. சுட்ட கிளிஞ்சல். விற்கிறவர் வண்டியில் சாக்குப் போட்டு மூடிக் கொண்டுவருவார். வீட்டில் பழைய பானையில் அதைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் அடுப்பில்லாமலே தளதளவென்று கொதிக்கும். "தள்ளிப் போடி, கண்ணுல தெறிக்கும்" என்று அம்மா விரட்டுவாள். ஆறிய பிறகு விழுது மாதிரி ஆகிவிடும். அதன்மேல் எப்போதும் நாலு விரல் தண்ணீர் நிற்க வேண்டும், மேலே மூடி வைக்க வேண்டும். எதற்கு என்று கேட்டால், "காஞ்சா தடவ வராது, அதுக்குத்தான்" என்பாள். அம்மாவுக்குத் தெரிந்த காரணம் அவ்வளவு. காரணம் பாதிதான் சரியென்றாலும் வேலை முழுக்கச் சரியாக நடந்துகொண்டிருந்தது.

நான் ஐந்தாவது படித்த வருடம் மாசி மாதத்தில் வாத்தியார் அந்த மஞ்சள் தாளைச் செய்து காட்டினார். அவர் கொண்டுவந்தது கொட்டாங்கச்சியில் கொஞ்சம் வெற்றிலைச் சுண்ணாம்பு, அரை எலுமிச்சம்பழம். மஞ்சளாக இருந்த தாள் சுண்ணாம்பு பட்டதும் குங்குமமாகச் சிவந்தது. எலுமிச்சைச் சாறு விட்டதும் மறுபடியும் மஞ்சளானது. மற்றப் பிள்ளைகள் பம்பரம் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதாத ஓரங்களையெல்லாம் கத்தரித்து, அம்மா அரைத்து வைத்திருந்த மஞ்சளில் ஊறவைத்து, கூரை ஓலை இடுக்கில் செருகிக் காயவைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் என்னிடமிருந்து தப்பவில்லை. சாம்பல் தண்ணீர் சிவந்தது. சவுக்காரம் சிவந்தது. புளித்தண்ணீருக்கு ஒன்றும் ஆகவில்லை. கூழுக்கு ஆகவில்லை. எங்கள் சுண்ணாம்புப் பானையில் வைத்தபோது ரத்தம் மாதிரி சிவந்தது.

"இன்னாடி இது, கல்யாணத்துல ஆலம் கரைக்கற கணக்கா வீடு பூரா செவப்பு?" என்றாள் அம்மா.

நைனா திட்டவில்லை. ஏரிக்கரைக்குப் பதநீர் குடிக்க வருகிறவர்களை வீட்டுக்கே கூட்டிவந்து, "பாப்பா, அந்தக் காயிதத்த எடு" என்பார். நான் எடுப்பேன். சிவக்கும். "பாத்தியா? கேட்டா சொல்லுது. நம்ம வாயி பொய் சொல்லும், அது சொல்லாது" என்பார். வந்தவர்கள் தலையாட்டிவிட்டு, பதநீர் இன்னும் ஒரு ஓலைப்பட்டை கிடைக்குமா என்று பார்ப்பார்கள்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை சுண்ணாம்பு வண்டி சந்தைக்கு வரவில்லை. அச்சு முறிந்து வழியில் நிற்பதாகச் சொன்னார்கள். எங்கள் பானையில் அடிமட்டம்தான் இருந்தது. வெற்றிலைக் கடையில் விரலளவு வாங்கலாம், இருபத்திரண்டு கலயத்துக்கு யார் கொடுப்பார்கள்? பாளையோ ஒருநாள் சீவாமல் விட்டால் அடைத்துக்கொள்ளும். நைனா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்போது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது மாதா கோயில் தொட்டி. தை மாதத் திருவிழாவுக்குக் கோயிலுக்கு வெள்ளையடித்த சுண்ணாம்பு மிச்சமாகி, வேப்பமரத்தடித் தொட்டியில் திறந்தபடியே கிடந்தது. இரண்டு மாத வெயில். பாளம் பாளமாக வெடித்திருந்தது. சுவரில் ஒட்டுவதற்கு அதில் வஜ்ரப் பசை காய்ச்சி ஊற்றியிருந்தார்கள், பளிச்சென்று தெரிய நீலமும் கலந்திருந்தார்கள். அம்மா கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியாரிடம் போய்க் கேட்டாள். நான் கூடையோடு பின்னால் நின்றேன்.

"உபதேசியாரே, தொட்டியில கெடக்கறது சும்மாதான கெடக்குது?"

"எடுத்துக்கோம்மா. கோயிலுக்கு வாங்கினது. உன் வீடு வெளங்கும்."

"காஞ்சு போயிருக்குதே?"

"தண்ணி ஊத்தினா கரையப் போவுது. வெள்ளையா இருந்தா சுண்ணாம்புதான? வேற இன்னா?"

அவர் நல்ல மனிதர். நல்ல மனதோடுதான் சொன்னார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து இடித்துப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். கொதிக்கவில்லை. ஒரு குமிழிகூட வரவில்லை. நான் கையை விட்டுப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் குளிர்ச்சியாக இருந்தது, எரிச்சல் இல்லை. அம்மாவும் கையை விட்டாள். அவள் முகம் அப்படியே இளகிவிட்டது.

"கோயில் சுண்ணாம்புடி. கையக் கடிக்குதா பாரு. மாதா பொருளு மனுஷனக் கடிக்காது."

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு தடவ ஆரம்பித்தாள். வஜ்ரம் கலந்ததால் அது கலயத்தில் வழுக்காமல் ஒட்டியது. எங்கள் கலயங்கள் அன்றைக்கு இருந்த அழகில் என்றைக்கும் இருந்ததில்லை. உள்ளே மேகம் மாதிரி வெளிர் நீலம். நைனா எடுத்துப் பார்த்துவிட்டு, "சோக்கா இருக்குது" என்றார். பாதிக் கலயங்களை அன்று சாயங்காலமே மரத்தில் கட்டினார். மீதியை மறுநாள் மாற்றுவதற்காக மரத்தடியில் கவிழ்த்து வைத்தார்.

அந்தச் சுண்ணாம்பில் என் தாளை வைத்துப் பார்க்கலாமா என்று தோன்றியது. தோன்றாமலே இருந்திருந்தால் நான் இப்போது நிம்மதியாக இருப்பேன். மூன்று தாள்தான் மிச்சம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மேலதிகாரி வரும்போது காட்டலாம் என்று புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். வீணாக்க மனம் வரவில்லை.

மறுநாள் சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் இருந்தது; காலையில் போகிற வழியில் நைனாவுக்குக் கூழ் கொண்டுபோனேன். ஏரிக்கரையில் ஜீப் நின்றது. மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் மூன்றாவது மரத்தடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சேவகர். நைனா மரத்தின் உச்சியில், மட்டைகளுக்கு நடுவில், கலயத்தை முகத்தருகே பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

முதல் மரத்திலேயே நைனாவின் மூக்குக்குத் தெரிந்துவிட்டதாம். ஒரு கலயம்தான் இப்படி என்று நினைத்தாராம். மூன்றாவது மரத்தில் புரிந்தபோது கீழே ஜீப் வந்து நின்றுவிட்டது. மேலேயே கொட்டியிருக்கலாம். கொட்டினால் கள்ளை மறைத்தவன் ஆகிவிடுவேன் என்று கொட்டவில்லை. சுண்ணாம்பு தடவியது கண்ணுக்குத் தெரிகிறதே என்று நம்பினார்.

"எறங்குய்யா. எவ்ளோ நேரம் மோந்து பாப்ப?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தோ வந்துட்டேன் சாமி."

இறங்கினார். இன்ஸ்பெக்டர் கலயத்தை வாங்கிப் பார்த்தார். விளிம்பு வரை நுரை. புளித்த வாடை என் வரைக்கும் வந்தது.

"இன்னாய்யா இது?"

"சுண்ணாம்பு போட்டுத்தான் சாமி கட்டினேன். எப்படின்னே தெரியல. உள்ள பாருங்க."

"பாத்தேன். நீலமா பூசி வெச்சிருக்க. செவுத்துக்கு அடிக்கற சாயமா இது?"

"கலயத்துக்குப் புதுமனை புகுவிழா போல இருக்குது சார்" என்றார் சேவகர்.

அப்போதுதான் நைனா என்னைப் பார்த்தார். முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. அந்த முகத்தை நான் சொல்லிக் காட்ட முடியாது. தேர்த் திருவிழாவில் தொலைந்துபோன பிள்ளை கிடைத்தவர் மாதிரி இருந்தார்.

"சாமி, இது எங்க பாப்பா. அஞ்சாவது படிக்குது. அதுங்கிட்ட ஒரு மஞ்ச காயிதம் இருக்குது. சுண்ணாம்பு இருந்தா செவக்கும், இல்லன்னா செவக்காது. நான் சொல்றத நம்பாதீங்க. அத்த வெச்சுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "அடேயப்பா. எங்க, காட்டு பாப்பா. நானும் படிச்சிருக்கேன் இத."

நான் கூழ்த் தூக்கைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். என் கை நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. காக்கி உடுப்பு போட்ட இரண்டு பேர் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

முதல் தாளைக் கலயத்தில் தோய்த்தேன். மஞ்சளாகவே இருந்தது.

பதநீர் கெட்டதால் இருக்கும் என்று நினைத்தேன். உட்பக்கத்துப் பூச்சை நகத்தால் சுரண்டி இரண்டாவது தாளில் வைத்துத் தேய்த்தேன். மஞ்சள்.

மரத்தடியில் கவிழ்த்திருந்த கலயங்களுக்கு ஓடினேன். அவற்றில் ஒரு சொட்டு நீரும் படவில்லை, சுண்ணாம்பு மட்டும்தான். ஏரித் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி வந்து பூச்சில் விட்டு, மூன்றாவது தாளை ஒட்டினேன். ஊதினேன். திருப்பிப் பார்த்தேன். மஞ்சள், மஞ்சளேதான்.

"பாப்பா பிரமாதமா டெஸ்ட் பண்ணிடுச்சு" என்றார் இன்ஸ்பெக்டர்.

எனக்கு அந்த நொடியில் ஒன்று புரிந்தது. கட்டாத கலயத்திலும் சிவக்கவில்லை என்றால், குறை தடவிய கையில் இல்லை, சுண்ணாம்பில் இருக்கிறது. சொன்னேன்.

"சார், சுண்ணாம்பே கெட்டுப்போச்சு சார். நாங்க தடவினது தடவினதுதான். சுண்ணாம்புதான் சார் கெட்டுப்போச்சு."

"சுண்ணாம்பு கெட்டுப்போவுமா? அது இன்னா பாலா?"

சேவகர் விழுந்து விழுந்து சிரித்தார். நைனாவும் சிரித்தார். அதிகாரி சிரிக்கும்போது கூடச் சிரிப்பதுதான் மரியாதை என்று பழகியவர். தவிர, சுண்ணாம்பு கெட்டுப்போகும் என்று அவரும் நம்பவில்லை. ஏன் கெட்டது என்று கேட்டால் சொல்ல என்னிடமும் பாடம் இல்லை. எங்கள் புத்தகம் தாள் சிவப்பதோடு முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு கலயத்தையும் சேவகர் கரையிலேயே போட்டு உடைத்தார். வெளிர் நீல ஓடுகள் அடுத்த மழைக்காலம் வரை அங்கே கிடந்தன. நைனாவைப் பதினைந்து நாள் உள்ளே வைத்தார்கள். லைசென்ஸ் போயிற்று. பதினோரு மரமும் வேறொருவர் பெயருக்கு மாறின. அம்மா உபதேசியாரிடம் போய், தொட்டிச் சுண்ணாம்பு கொடுத்ததை அதிகாரியிடம் வந்து சொல்லச் சொல்லிக் கேட்டாள். "கள்ளுக் கேசுல கோயில் பேர இழுக்கலாமாம்மா?" என்றார். அம்மாவுக்கும் அது சரியென்றே பட்டது. திரும்பி வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். அன்று அடுப்பு மூட்டவில்லை.

நைனா தொண்டூர்ப் பக்கம் கல்லுடைக்கப் போனார். மரத்தில் ஏறி இறங்கிய உடம்புக்குக் குனிந்து அடிக்கிற வேலை ஒத்துவரவில்லை. என் படிப்பை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தலாம் என்று அம்மா ஒருதரம் சொன்னபோது, "அது இன்னா பண்ணுச்சு? அதுக்குத் தெரிஞ்சத காட்டுச்சு" என்றார்.

ஒன்பதாம் வகுப்பில்தான் எனக்கு விடை கிடைத்தது. சுட்ட சுண்ணாம்பு காற்றுப்படக் கிடந்தால், காற்றில் இருக்கிற கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிவிடும். நிறம் மாறாது. இடித்துக் கரைத்தாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். காரம் மட்டும் இருக்காது. மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க வேண்டும் என்றது காற்றைத் தடுக்கத்தான். செஞ்சிக் கோட்டை மதிலின் காரை நூற்றுக்கணக்கான வருடமாக இறுகி நிற்பதும் இதனால்தான் என்று ஜன்னல் வழியாக மலையைக் காட்டி டீச்சர் சொன்னார்கள். மதிலைப் பிடித்து நிறுத்திய சங்கதி எங்கள் கலயத்தைக் கைவிட்டுவிட்டது. நான் அன்றைக்கு வீட்டுக்கு ஓடினேன். நைனா கல்தூசியோடு படுத்திருந்தார். மூச்சு வாங்க முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியா? சுண்ணாம்பு திரும்பக் கல்லாயிடுமா?" என்றார். கையிலிருந்த கல்தூசியைத் தட்டிக்கொண்டே, "இத இப்ப யாருகிட்ட போயி சொல்றது பாப்பா?" என்றார்.

யாரிடமும் இல்லை. அந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். உபதேசியார் செத்துவிட்டார். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

ஏரிக்கரையில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. இன்ஸ்பெக்டர் ஜீப்பின் முன்மூடி மேல் தாளை வைத்து எழுதினார். என்னுடைய மூன்று தாளையும் மடித்து ஓர் உறையில் போட்டு அதோடு சேர்த்துக் குத்தினார். பிறகு நைனாவைக் கூப்பிட்டார். நைனா, "எழுதினது இன்னான்னு பாப்பா படிக்கட்டும் சாமி" என்றார். இன்ஸ்பெக்டர் ஆட்சேபிக்கவில்லை, தாளை என் பக்கம் திருப்பினார்.

நான் சத்தமாகப் படித்தேன். கலயங்களில் சுண்ணாம்பு தடவாமல் கள் இறக்கியது உண்மை என்று எழுதியிருந்தது. நான் எங்கேயும் தடுமாறவில்லை. படித்து முடித்ததும், "நைனா, தடவலன்னு போட்டிருக்குது. வெரல வெக்காத" என்றேன்.

"தடவினோமே சாமி" என்றார் நைனா.

"உன் பொண்ணுதான மூணு தரம் காட்டுச்சு? செவந்துச்சா? நீயே சொல்லு."

நைனா உறையைப் பார்த்தார். கவிழ்ந்திருந்த கலயங்களைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருடம் இதைச் சுமக்க வேண்டியிருந்திருக்காது.

"செவக்கல சாமி" என்றார். "படிச்ச புள்ள காட்டுச்சு. அது தப்பா இருக்காது. எங்க கையிலதான் எங்கேயோ தப்பா பூடுச்சு."

கட்டைவிரலில் மை தடவித் தாளில் அழுத்தினார்கள். கோடு விழவில்லை. மறுபடியும் அழுத்தினார்கள். அப்போதும் விழவில்லை. இருபது வருடப் பனஞ்செதிலும் கலயத்துச் சுண்ணாம்பும் அந்த விரலின் ரேகையை வழித்து எடுத்திருந்தன. "கைய வேட்டியில நல்லாத் தொடைச்சுட்டு வையிய்யா" என்று சேவகர் அதட்டினார். நைனா துடைத்துக்கொண்டு மூன்றாவது முறையும் வைத்தார். வட்டமாக ஒரு கறுப்பு மட்டும் விழுந்தது. போதும் என்று சொல்லி இன்ஸ்பெக்டர் தாளை மடித்தார்.